தவலையைக் கவிழ்த்துப் பார்ப்பதுபோல்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழஞ்சாமான் வியாபாரம் தெரிந்தவர்கள் ஒரு பித்தளைத் தவலையை எப்படிப் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். முதலில் தூக்கி எடை பார்ப்பார்கள். பிறகு கவிழ்த்து அடியைப் பார்ப்பார்கள். கரி ஏறியிருந்தால் அடுப்பில் புழங்கியது. இல்லையென்றால் சீரில் வந்து அறையிலேயே கிடந்தது. அப்புறம் கழுத்தோரம் விரலை ஓட்டி, வெட்டியிருக்கும் விலாசத்தைத் தேடுவார்கள். நாலைந்து எழுத்துதான், ஆனால் எந்த வீட்டுச் சாமான் என்று சொல்லிவிடும். 'இந்தத் தவலை எதைக் குறிக்கிறது?' என்று யாரும் கேட்பதில்லை.

இன்ஸ்டலேஷன், அதாவது பொருள்களை ஓர் இடத்தில் அடுக்கியோ தொங்கவிட்டோ செய்யும் கலைவேலை, அதன் முன்னால் நிற்கும்போதும் இதே வரிசைதான் சரி. எடுத்த எடுப்பில் அர்த்தம் தேடினால், கைக்கு வந்த குறியீட்டை மாட்டிவிடுவோம்: சிவப்பா, ரத்தம், கதவா, விடுதலை. இல்லையென்றால் கண்காட்சியை அமைத்த க்யூரேட்டர் சுவரில் ஒட்டிய குறிப்பை ஒப்பிப்போம். ஐந்து நிமிஷம் எதையும் படிக்காமல் நில்லுங்கள். என்ன பொருள், எத்தனை, எதன்மேல் நிற்கிறது, எதில் தொங்குகிறது? பின்பக்கம் கட்டாயம் போக வேண்டும். கம்பி, ஆணி, பற்றவைத்த தழும்பு எல்லாம் அங்கேதான் இருக்கும். அவற்றை மறைத்திருக்கிறார்களா, தெரியட்டும் என்று விட்டிருக்கிறார்களா என்பதிலேயே பாதி விஷயம் வந்துவிடும். அதன் பிறகு லேபிள். அதிலும் தலைப்பைத் தாண்டி, என்னென்ன பொருள் என்ற வரியை முதலில் படியுங்கள். 'கலப்பு ஊடகம்' என்று மட்டும் போட்டிருந்தால் அந்த லேபிளால் பிரயோஜனமில்லை.

பெங்களூருக் கலைஞர் ஷீலா கவுடாவின் 'பிஹோல்ட்' (2009) நல்ல பாடம். மனிதத் தலைமுடியில் திரித்த கயிறுகளும் கார் பம்பர்களும்தான் மொத்தமும். பழனி மொட்டையும் வண்டியில் கட்டும் திருஷ்டிக் கயிறும் தெரிந்த நமக்கு முடி என்றதுமே பாதி புரிந்த மாதிரி இருக்கும். அங்கேதான் வழுக்கும். நேர்த்திக்கடன், திருஷ்டி என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டால், கண்ணுக்கு முன்னால் நடப்பதை விட்டுவிடுகிறோம்: இரும்பு தொங்குகிறது, முடி தாங்குகிறது. எது பலமானது என்று நாம் வைத்திருக்கும் கணக்கு அங்கே தலைகீழாகிறது. என்ன பொருள் என்ற பெயர்ச்சொல்லோடு நிற்காமல், அது என்ன செய்கிறது என்ற வினைச்சொல்லையும் தேடுங்கள் என்பது இதற்காகத்தான்.

உள்ளூர் நினைவு ஒரேயடியாகத் தடம் மாற்றுவதும் உண்டு. இந்தியக் கலைஞர் சுபோத் குப்தாவின் எவர்சில்வர் பாத்திரக் குவியல்களைப் பார்த்ததும் செட்டிநாட்டுக் கண்ணுக்குக் கல்யாணத்தில் பரப்பிய சீர்சாமான்தான் தோன்றும். தோன்றட்டும், தப்பில்லை. ஆனால் 'லைன் ஆஃப் கன்ட்ரோல்' (2008) குவிந்து நிற்கும் வடிவம் அணுகுண்டுப் புகைக் காளான்; பெயரோ காஷ்மீரில் இந்தியாவையும் பாகிஸ்தானையும் பிரிக்கும் எல்லைக்கோட்டினுடையது. சீர் என்ற வாசிப்பை அந்த வடிவம் தாங்காது, அடுப்படியும் போரும் என்ற வாசிப்பைத் தாங்கும். ஒரு விளக்கம் செல்லுமா என்பதற்கு நான் வைத்திருக்கும் உரைகல் இதுதான்: பொருள், வடிவம், தலைப்பு மூன்றில் குறைந்தது இரண்டு அதற்குச் சாட்சி சொல்ல வேண்டும்.

சில வேலைகளில் எண்ணே எலும்பு. அமெரிக்கக் கலைஞர் ஃபெலிக்ஸ் கொன்சாலஸ்-டோரஸ் 1991இல் செய்த ஒன்றில், மூலையில் மிட்டாய்க் குவியல், அவ்வளவுதான். வருபவர்கள் எடுத்துத் தின்னலாம். குவியலின் குறிப்பு எடை 175 பவுண்டு, அதாவது சுமார் 79 கிலோ. ஒரு ஆளின் எடை. எய்ட்ஸில் இறந்த தன் துணைவர் ராஸைத்தான் தலைப்பில் அவர் குறிப்பிடுகிறார். எடையைப் படிக்காதவருக்கு அது இலவச மிட்டாய். படித்தவருக்கு, தான் எடுக்கும் ஒவ்வொன்றும் அந்த உடம்பில் குறைகிறது. அருங்காட்சியகம் மறுபடி நிரப்பவும் செய்யலாம் என்பதையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும்.

அழிவையும் இப்படியே விசாரியுங்கள். புரவியெடுப்புத் திருவிழாவில் அய்யனாருக்கு வைத்த மண்குதிரை மழையில் காதும் காலும் உதிர்ந்து கிடக்கும். அதைச் செப்பனிடுவதில்லை, புதுசு வந்து பக்கத்தில் நிற்கும். பிரிட்டிஷ் கலைஞர் டேமியன் ஹர்ஸ்ட் 1991இல் ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் மிதக்கவிட்ட சுறா அப்படியில்லை. பதப்படுத்தியது சரியில்லாமல் கெட்டுப்போய், 2006இல் வேறு சுறாவை வைத்தார்கள். முன்னதில் சிதைவு முறையிலேயே இருக்கிறது, பின்னதில் அது விபத்து. இரண்டையும் 'நிலையாமை' என்று ஒரே மூட்டையில் கட்டக்கூடாது.

செட்டிநாட்டு வீட்டுக்குள் வைத்த வேலை என்றால் வீட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும். வளவுக்குள், அதாவது நடுமுற்றத்தைச் சுற்றிய பகுதியில், வெயில் நகரும்: காலையில் மேற்குத் தாழ்வாரத்தில் விழுவது, நாலு மணிக்குக் கிழக்குப் பக்கம் போயிருக்கும். இரண்டு நேரமும் பார்க்காமல் நிழலைப் பற்றி எழுதாதீர்கள். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் பூவேலை, மேலே வைத்த சின்னப் பொருளை விழுங்கிவிடும். அதற்குப் பயந்து வெள்ளைப் பீடம் போடுவார்கள், பீடம் வந்ததும் நம் கை தானாகக் கும்பிடப் போகும்! தேக்குத் தூண்களுக்கு நடுவே எதை வைத்தாலும் புகைப்படத்தில் எடுப்பாகத்தான் தெரியும் என்பதால், மனசுக்குள் அதே வேலையைத் தூக்கிச் சென்னையில் ஏதாவது வெள்ளைச் சுவர் அறையில் வைத்துப் பாருங்கள். ஒன்றும் குறையவில்லை என்றால் வீடு அங்கே வெறும் படுதா. ஏதோ குறைகிறது என்றால், குறைவது என்ன என்பதிலிருந்து எழுதத் தொடங்கலாம்.