கழு ஏறுவதற்கு முந்தின ராத்திரி

எங்கள் டெல்டா பக்கத்தில் காத்தவராயனுக்கென்று தனியாகப் பெரிய கோயில் கட்டியது குறைவு. மாரியம்மன் கோயிலோ காளியம்மன் கோயிலோ இருக்கும், அதற்கு ஓரமாக அவர் நிற்பார். திருவிழா வந்தால்தான் ஊர் மொத்தமும் அவர் பக்கம் திரும்பும். கோயிலுக்கு முன்னால் கழுமரம் (அந்தக் காலத்தில் மரண தண்டனைக்கு ஆளை ஏற்றிய கூர்மரத்தின் நினைவாக) நட்டு, காப்புக் கட்டி விரதம் இருந்தவர் அதில் ஏறி மேலே இருந்து எலுமிச்சம்பழம் வீச, பிள்ளை வரம் வேண்டி வந்த பெண்கள் கீழே முந்தானையை விரித்துக்கொண்டு நிற்பார்கள். எல்லோரும் செல்போனில் எடுப்பது இதைத்தான். எனக்கு இதில் பெரிய வருத்தம். முந்தின ராத்திரி உடுக்கை அடித்து அவர் கதையைப் பாடும் உடுக்கைப் பாட்டைக் கேட்காதவர்களுக்கு ஒரு ஆள் மரம் ஏறுகிறார் என்பதற்கு மேல் அதில் என்ன தெரியும்?

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிவன் பார்வதிக்குப் பிள்ளை, அம்மாவின் நந்தவனத்துக்குக் காவல். குளிக்க வந்த கன்னிமாரில் இளையவள்மேல் ஆசைப்பட்டுத் துரத்தியதால் கழுவேற வேண்டும் என்று சாபம். அந்தக் கன்னி ஸ்ரீரங்கத்தில் பிராமணர் வீட்டில் ஆரியமாலையாக வளர, இவன் பறையர் வீட்டுப் பிள்ளையாக வளர்கிறான். அப்புறம் சின்னான் என்ற கூட்டாளி, மாறுவேஷங்கள், அவளைக் கொண்டுபோவது, ராஜாவின் ஆட்கள் தேடுவது, கடைசியில் கழு.

இந்த தெய்வப் பிறப்பும் சாபமும் பின்னால் ஒட்டவைத்தவை என்று நா. வானமாமலை போன்ற ஆய்வாளர்கள் சொன்னார்கள், எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. சாதி தாண்டி ஒரு பெண்ணை விரும்பியவனைக் கொன்றுவிட்டு, இல்லை இல்லை அவன் உண்மையில் சாமி பிள்ளை, எல்லாம் விதிப்படிதான் நடந்தது என்று சொல்லிவிட்டால் கொன்றவர்களுக்கு நிம்மதி. மதுரை வீரன் கதையிலும் இதே வேலைதான், சக்கிலியர் வீட்டில் வளர்ந்தவனைக் காசி ராஜா மகன் ஆக்கிவிட்டார்கள், ஆனால் மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட அந்த ஆள் இன்றைக்கு மதுரை மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்தின் பக்கத்திலேயே சாமியாக நிற்கிறார், அதை யாராலும் மறைக்க முடியவில்லை.

பாடுகிறவர் சாபத்தைச் சொல்லாமல் விடுவதில்லை. ஆனால் அவர் நேரம் செலவழிக்கிற இடம் வேறு. எங்கள் ஊருக்கு வரும் பெரியவர் நந்தவனக் கதையை மளமளவென்று முடித்துவிடுவார். ஆரியமாலை கழுமரத்தடிக்கு வந்து அழும் இடம் வந்ததும் எல்லாம் மெதுவாகிவிடும். உடுக்கையின் இடுப்பில் சுற்றியிருக்கும் கயிற்றை இடது கை விரல்களால் இறுக்கி இறுக்கி அதுவரை துள்ளவிட்டவர், அந்த இடத்தில் பிடியைத் தளர்த்தி, தோலை ஒரே விரலால் தட்டிக்கொண்டே ஒரு வரியை நான்கைந்து தடவை பாடுவார், ஒவ்வொரு தடவையும் இழுப்பு மாறும். பின்பாட்டுக்காரர் அடியெடுத்துக் கொடுத்தும் அவர் நகரமாட்டார். முன்வரிசைக் கிழவிகள் மூக்கைச் சிந்துவார்கள், சிலருக்கு அங்கேயே சாமி வந்துவிடும். காலையில் மரம் ஏறப்போகிறவரும் அதே பந்தலில் மஞ்சள் வேட்டியோடு உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருப்பார். விடிந்ததும் அவர் கழுவில் கால் வைக்கும்போது கூட்டத்தில் எழுகிற குலவைக்கும் அழுகைக்கும் காரணம் இந்த ராத்திரிதான்.

போன தடவை விழாக் கமிட்டியில் சிலர் பாட்டை இரண்டு மணி நேரத்தில் முடிக்கச் சொல்லிவிட்டு மீதி நேரத்துக்கு ஆர்கெஸ்ட்ரா வைத்தார்கள். பெரியவர் சண்டை போடவில்லை. "சாமிய கழுவுல ஏத்தணும்னா அதுக்கு முன்னாடி அழணும் தம்பி, அழாம எப்படி ஏத்துறது?" என்று மட்டும் கேட்டார். அவருக்குப் பின்னால் பாட அவர் வீட்டில் ஆள் இல்லை. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான்.

அதனால் இந்த வருஷம் கமிட்டியில் நான் பேசப்போகிறேன். ராத்திரி முழுக்கப் பாட்டு வேண்டும், அதை முழுசாகப் பதிவு செய்யவும் வேண்டும், மைக் செலவை நாங்கள் நாலு பேர் ஏற்றுக்கொள்கிறோம். உங்கள் ஊரிலும் சித்திரை வைகாசியில் கழுவேற்றம் உண்டென்றால், மேட்டூர்த் தண்ணீர் வந்து நடவு வேலை தொடங்குவதற்குள் பாடுகிறவரைப் போய்ப் பாருங்கள். விழா அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்கே பாயோடு போய் உட்காருங்கள்.