மேக்ரோ தடுமாறும் இடம்

ஒரே பொத்தானை அழுத்தினால் டிவி, ஆடியோ ரிசீவர், டிஸ்க் பிளேயர் ஆகிய மூன்றும் இயங்கத் தொடங்கி, டிவியின் இன்புட்டும் இரண்டாவது எச்டிஎம்ஐக்கு மாற வேண்டும் என்று என்னுடைய யுனிவர்சல் ரிமோட்டில் ஒரு மேக்ரோ, அதாவது பல கட்டளைகளை வரிசையாக அனுப்பும் தொடர், எழுதியிருந்தேன். பேட்டரி அறைக்குள் இருக்கும் ஜேபி1 என்னும் ஆறு முனை இணைப்பின் வழியாக ரிமோட்டின் நினைவகத்தைக் கணினியில் திறந்து, பொத்தான்களை என் விருப்பப்படி அமைத்திருந்த ரிமோட் அது. பகலில் சோதித்தபோது ஒழுங்காக வேலை செய்த மேக்ரோ, மாலையில் சாதனங்களை இயக்கிவிட்டு இன்புட்டை மட்டும் மாற்றாமல் நின்றது. மறுபடி அழுத்தினால் எல்லாமே அணைந்தன.

முதலில் கோடுகள், அதாவது ஒவ்வொரு கட்டளைக்குமான குறியீடுகள், தவறோ என்று ஐயுற்றேன். ஆனால் அதே கட்டளைகளை அதே வரிசையில் கையால் ஒவ்வொன்றாக அழுத்தியபோது அனைத்தும் பலித்தன. மேக்ரோ ஓடும்போது ரிமோட்டின் முனையைக் கைப்பேசியின் முன்பக்கக் கேமராவில் பார்த்தேன். அகச்சிவப்பு விளக்கு கடைசிவரை மினுக்கியது. ஆகவே அனுப்புவதில் குறையில்லை, பெற்றுக்கொள்வதில்தான் ஏதோ இருக்கிறது என்று தெளிந்தேன்.

கைக்கும் மேக்ரோவுக்கும் இருந்த வேறுபாடு நேரம் மட்டுமே. ரிமோட்டுகள் சிக்னல் அனுப்பும் முறைகளில் ஒன்றான என்இசி முறையில் ஒரு கட்டளை 67.5 மில்லி விநாடிகளில் முடிந்துவிடுவதால், நான்கு கட்டளைகளும் ஒரு விநாடிக்குள் பறந்துவிடுகின்றன. நெடுநேரம் அணைந்திருந்த டிவியோ விழித்துக்கொண்ட பிறகும் சில விநாடிகளுக்கு எந்தக் கட்டளையையும் ஏற்பதில்லை. பகலில் நான் அடுத்தடுத்துச் சோதித்தபோது அது முழுமையாக உறங்கியிருக்கவில்லை என்பதால்தான் குறை தெரியவில்லை. இதற்கு வெறுமனே தாமதத்தைக் கூட்டுவதைவிட வரிசையை மாற்றுவதே மேல் என்பது என் கருத்து. மிக மெதுவாக விழிக்கும் சாதனத்தை முதலில் இயக்கி, அது தயாராகும் நேரத்தில் மற்றவற்றின் கட்டளைகளை அனுப்பி, ஆறு விநாடித் தாமதத்துக்குப் பின் இன்புட் கட்டளையை இறுதியில் வைத்தேன்.

எல்லாம் அணைந்துபோனதற்குக் காரணம் வேறு. பவர் பொத்தானின் ஒரே கோடு, அணைந்திருப்பதை இயக்கும், இயங்குவதை அணைக்கும். ரிமோட்டுக்கோ எந்தச் சாதனம் எந்த நிலையில் இருக்கிறது என்பது தெரியாது. பல சாதனங்கள், தம்முடன் வந்த ரிமோட்டில் பொத்தான் இல்லாவிட்டாலும், இயக்கவும் அணைக்கவும் தனித்தனிக் கோடுகளைப் புரிந்துகொள்கின்றன. ரிசீவருக்கும் பிளேயருக்கும் அவை கிடைத்தன. டிவிக்குக் கிடைக்கவில்லை, ஆனால் அணைந்திருக்கும்போது எண் பொத்தானை அழுத்தினால் அது இயங்குவதைக் கவனித்து, பவருக்குப் பதிலாக அதையே மேக்ரோவில் சேர்த்தேன்.

என்னை நெடுநாள் அலைக்கழித்தது பழைய சிடி பிளேயர்தான். பதினோராம் பாடலுக்காக மேக்ரோ 1 என்பதை இருமுறை அனுப்பியும் முதல் பாடலே ஒலித்தது. அது ஆர்சி-5 என்னும் வேறொரு சிக்னல் முறையில் இயங்கும் கருவி. அம்முறையில் ஒரு கட்டளைக்கான 14 பிட்டுகளில் (0 அல்லது 1 என்னும் இலக்கங்களில்) ஒன்று, பொத்தானை ஒவ்வொரு முறை புதிதாக அழுத்தும்போதும் மாற வேண்டும்; மாறாவிட்டால் விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டிருப்பதாகக் கருவி கொள்ளும். என் மேக்ரோ முழுவதும் அந்தப் பிட் ஒரே நிலையில் இருந்தது. இரண்டு 1களுக்கும் நடுவே அந்தப் பிளேயர் பொருட்படுத்தாத வேறொரு கட்டளையை நுழைத்ததும் பதினோராம் பாடல் ஒலித்தது.

இத்தனைக்குப் பிறகும் அம்மா அழுத்தும்போது மட்டும் இன்புட் மாறவில்லை. அருகில் அமர்ந்து பார்த்தபோது, டிவியில் வெளிச்சம் வந்ததுமே அவர் ரிமோட்டை மடியில் வைத்துவிடுவது தெரிந்தது. கடைசிக் கட்டளை புடவை மடிப்புக்குள் போய்க்கொண்டிருந்தது. ஆறு விநாடிகள் நீட்டிப் பிடிக்கும்படி அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மேக்ரோவை இரண்டாகப் பிரித்து, இன்புட் மாற்றத்தைப் பக்கத்துப் பொத்தானில் வைத்துவிட்டேன்.