500 அடிகளில் ஒரு வெளிமான்

தாம்பரத்தில் முத்துநகர் எக்ஸ்பிரஸிலிருந்து இறங்கி மின்சார ரயிலுக்கு மாறியதும் அக்கா மகன் ஓடிப்போய் ஜன்னலோர இருக்கையைப் பிடித்தான். வேடிக்கை பார்ப்பதற்காக அல்ல. அவன் கையில் இருந்தது அத்தான் பல வருஷங்களுக்கு முன்னால் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கேம் பாய் கலர் என்ற கையடக்க விளையாட்டுக் கருவி. அதன் திரைக்குப் பின்னால் விளக்கு கிடையாது. வெளிச்சம் மேலே விழுந்தால்தான் படம் தெரியும். மீனம்பாக்கம் தாண்டும்போது ஒரு விமானம் தாழ இறங்கியது. அவன் நிமிரவில்லை. போக்கிமான் ரெட் விளையாட்டில் சஃபாரி ஸோனுக்குள் இருந்தான்.

"மாமா, சான்சி வந்துச்சு. ஓடிருச்சு."

அந்த வருத்தம் எனக்குத் தெரியும். அவன் வயதில் இதே கருவியில், இதே இடத்தில் நானும் சான்சியைத் தேடியிருக்கிறேன்.

விளையாடாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். போக்கிமான் என்பவை இந்த விளையாட்டில் நாம் பிடிக்கும் கற்பனைப் பிராணிகள். சான்சி அதில் ஒன்று. ஃபியூஷியா நகரத்தின் வடக்கே இருக்கும் புல்வெளிதான் சஃபாரி ஸோன். வாசலில் விளையாட்டுப் பணம் 500 கட்டினால், பிராணிகளைப் பிடிக்க 30 பந்துகள் தருவார்கள். உள்ளே 500 காலடிதான் நடக்கலாம். அதற்குள் பந்து தீர்ந்தாலும், அடி தீர்ந்தாலும் மணி அடித்து வாசலுக்கு அனுப்பிவிடுவார்கள். கங்காஸ்கான், டாரஸ், சான்சி எல்லாம் இந்தப் புல்லுக்குள்தான். ரெட்டில் ஸைத்தர் கிடைக்கும், ப்ளூ என்ற இன்னொரு பதிப்பு வைத்திருப்பவருக்கு அதற்குப் பதில் பின்ஸர். குளத்தில் சூப்பர் தூண்டில் போட்டால் டிராட்டினி.

இதில் என்னை இத்தனை வருஷம் கட்டிப்போட்டிருப்பது வேறு. விளையாட்டு முழுக்க நம் போக்கிமானை விட்டுச் சண்டை போட்டு, எதிரே வந்ததைக் களைப்பாக்கித்தான் பிடிக்கிறோம். இங்கே சண்டையே கிடையாது. கல் எறியலாம், இரை போடலாம், பந்து வீசலாம். கல் எறிந்தால் பிடிபடும் வாய்ப்பு கூடும். ஆனால் அதற்குக் கோபம் வந்து சீக்கிரம் ஓடும். இரை போட்டால் கொஞ்ச நேரம் நிற்கும், ஆனால் பிடிப்பது கடினமாகிவிடும். எதைச் செய்தாலும் ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்று. நிற்பதா ஓடுவதா என்பதை அந்தப் பிராணிதான் முடிவு செய்யும்.

கிண்டியில் இறங்கி, கடையில் இரண்டு பென்சில் பேட்டரி வாங்கிக்கொண்டு, சர்தார் படேல் சாலையில் ஆட்டோவில் போனோம். ஆளுநர் மாளிகை, சிறுவர் பூங்கா, பாம்புப் பண்ணை, காந்தி மண்டபம் என்று வலது பக்கம் முழுக்க மரங்கள். அந்த மரங்களுக்குப் பின்னால் இருப்பது கிண்டி தேசியப் பூங்கா. பரப்பு 2.7 சதுர கிலோமீட்டர்தான். நாட்டின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று. இத்தனை பஸ், இத்தனை ஹாரன் நடுவே அது இன்னும் காடாக இருப்பதை எத்தனை தடவை பார்த்தாலும் மனசு நிறைகிறது.

நாங்கள் போனது அதை ஒட்டிய ஐ.ஐ.டி. வளாகத்துக்கு. 1959-இல் தொடங்கிய அந்த நிறுவனம் இதே கிண்டிக் காட்டின் ஒரு பகுதியில்தான் எழும்பியது. எங்கள் தெருக்கார நண்பன் ஒருவன் அங்கே ஆராய்ச்சி மாணவன். வாசலில் பெயர் எழுதிக் கூட்டிப்போனான். உள்ளே ஆலமரங்கள் விழுதுகளோடு சாலைக்கு மேலே கூரை போட்டிருந்தன. சைக்கிள் நிறுத்தத்தின் பக்கத்திலேயே புள்ளிமான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. பையன் முதல் மானுக்கு மூச்சைப் பிடித்தான். பத்தாவது மானுக்கு, "இது அடிக்கடி வர்றது மாமா" என்றான்.

வெளிமான் இருக்கிறது, ஆனால் எளிதில் கண்ணில் படாது என்று நண்பன் சொன்னதும் அவன் முகம் மாறியது. கஜேந்திரா சர்க்கிளில் யானைச் சிலைகளுக்குப் பக்கத்தில் நின்று, "இங்கேர்ந்து 500 அடி" என்று அறிவித்தான். வாய்விட்டு எண்ணிக்கொண்டு நடந்தான்.

200-ஐத் தாண்டியபோது பையிலிருந்து பிஸ்கட் பாக்கெட்டை எடுத்தான். நண்பன் மெதுவாக அதை வாங்கி அவன் பையிலேயே திரும்ப வைத்தான். "போடக் கூடாது தம்பி. மனுஷன் கையில தின்னு பழகுனா அதுக்குத்தான் கெடுதல்."

"அப்போ என்னதான் பண்றது?"

"நிக்கிறது."

500 முடிந்தது. ஒன்றும் வரவில்லை. பையன் என்னைப் பார்த்தான். "இன்னொரு 500 கட்டலாமா மாமா?"

சரி என்றேன்.

இரண்டாவது சுற்றில் 340-ஐ எண்ணும்போது ஒரு திறந்த புல்வெளி வந்தது. அதன் ஓரத்தில், வெயிலும் நிழலும் கலந்த இடத்தில், ஆண் வெளிமான் ஒன்று நின்றது. மேலே கறுப்பு, வயிறு வெள்ளை, கண்ணைச் சுற்றி வெள்ளை வட்டம். முறுக்கிய கொம்புகள். நான் இருபது வருஷமாகச் சென்னைக்கு வந்துபோகிறேன், நேரில் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. அது எங்களைப் பார்த்தது. பையன் எண்ணுவதை நிறுத்தி என் விரலைப் பிடித்துக்கொண்டான். ஒரு நிமிஷம் இருக்கும். அப்புறம் தரையில் கால் படாதது போல இரண்டு தாவல், புதருக்குள் போய்விட்டது.

"ஓடிருச்சு" என்றான். காலையில் ரயிலில் சொன்ன குரல் இல்லை இது.

போக்கிமானை உருவாக்கிய சதோஷி தாஜிரி டோக்கியோவின் புறநகரான மச்சிதாவில் வளர்ந்தவர். சிறுவயதில் பூச்சி பிடிப்பதில் பெரும் பித்து. குளமும் வயலுமாக இருந்த இடங்கள் கட்டடங்களாக மாறுவதைப் பார்த்தவர், அந்தப் பிடிக்கும் சந்தோஷத்தை அடுத்த பிள்ளைகளுக்குத் தர நினைத்தார். 1996-இல் ஜப்பானில் முதல் விளையாட்டு வந்தது. இதைப் படித்தபோது எனக்குக் கோவில்பட்டி கரிசலில் பொன்வண்டு பிடித்த நாட்கள்தான் வந்தன. காலித் தீப்பெட்டிக்குள் இலையைப் பரப்பி, வண்டை வைத்து, முட்டை போடுமா என்று ராத்திரியெல்லாம் திறந்து திறந்து பார்ப்போம். பெரும்பாலும் காலையில் அது செத்துக் கிடக்கும். அந்தத் துக்கம் இன்னும் எனக்குள் இருக்கிறது. ஆலமரத்தடியில் உட்கார்ந்து பையனுக்கு அதைச் சொன்னேன். அவன் பொன்வண்டைப் பார்த்ததே இல்லை. என்ன நிறம் என்று கேட்டான். பச்சை, ஆனால் வெயிலில் திருப்பினால் செம்பு மாதிரி என்றேன்.

சாயங்காலம் ஊருக்குத் திரும்பும் ரயில். பையனிடம் ஒரு குறுக்குவழி இருந்தது. சஃபாரி ஸோனுக்குள் போய்விட்டு வெளியே வந்து, சின்னபார் தீவுக்குப் பறந்து அதன் கிழக்குக் கரையோரமாக நீந்தினால், கடைசியாகப் போன சஃபாரி ஸோன் பகுதியின் பிராணிகள் அங்கே தென்படும். அங்கே சண்டை போட்டே பிடிக்கலாம். விளையாட்டின் நிரலில் தங்கிவிட்ட ஒரு பிழை அது. பள்ளியில் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். காலையில் தாம்பரத்தில் இறங்கும்போது, ஊருக்குத் திரும்பியதும் அதைச் செய்யப்போவதாகச் சொல்லியிருந்தான்.

செங்கல்பட்டு தாண்டியதும் எட்டிப் பார்த்தேன். தீவுக்குப் போகவில்லை. ஃபியூஷியா வாசலில் நின்று 500 கட்டிக்கொண்டிருந்தான்.

எதிர் இருக்கைப் பெரியவர் படுக்கையை விரித்துவிட்டு, விளக்கை அணைக்கலாமா என்று சைகையில் கேட்டார். நான் சுவிட்சுக்குக் கை நீட்டினேன்.

"மாமா, ஒரு நிமிஷம். அணைச்சுராதீங்க. சான்சி நிக்குது."

பெரியவரும் நானும் காத்திருந்தோம்.