பாஸ்டனில் ஒரு வெள்ளிப் பட்டறைக்காரரின் தடம்

அமெரிக்காவின் பாஸ்டனில் வெள்ளி வேலை செய்த பால் ரெவியர் என்றாலே, பிரிட்டிஷ் படை வருவதை எச்சரிக்க 1775 ஏப்ரலில் அவர் செய்த குதிரைச் சவாரியைத்தான் சொல்வார்கள். அது ஓர் இரவுக் கதை. அவருடைய தொழிலைப் பார்க்க ஒரு முழுநாள் வேண்டும்.

ஹேமார்க்கெட் நிலையத்தில் இறங்கி நார்த் ஸ்கொயருக்கு நடக்கலாம். 1680 வாக்கில் கட்டிய மரவீட்டை ரெவியர் 1770இல் வாங்கினார். வெள்ளிப் பட்டறை இந்த வீட்டில் இல்லை. அதைத் தேடி ஏமாற வேண்டாம். முற்றத்தில் அவர் வார்ப்படச் சாலையின் 1804ஆம் ஆண்டு மணி இருக்கிறது, எடை சுமார் 900 பவுண்டு.

ஹேமார்க்கெட்டுக்குத் திரும்பி, ஆரஞ்சு லைன் மெட்ரோவில் ரகில்ஸ் நிலையம். நுண்கலை அருங்காட்சியகம் நடக்கிற தூரம்தான். கூட்டம் நிற்பது 1768இல் செய்த 'சன்ஸ் ஆஃப் லிபர்ட்டி' (பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த குழு) கிண்ணத்தின் முன்: 45 அவுன்ஸ் வெள்ளி; பிரிட்டிஷ் அரசுக்குப் பணிய மறுத்த 92 மாசசூசெட்ஸ் சட்டமன்ற உறுப்பினர்களின் நினைவாகச் செய்தது. ஆனால் நேரம் செலவழிக்க வேண்டியது தேநீர்க் கெண்டிகளிடம். பழைய உருண்டைக் கெண்டி தட்டியே எழுப்பியது. வட்டத் தகட்டை இரும்பு முளைமேல் வைத்துச் சுற்றிச் சுற்றி அடிக்க அடிக்க வெள்ளி இறுகிவிடும். அவ்வப்போது காய்ச்சி இளக்காவிட்டால் விளிம்பில் விரிசல் விடும். நாள்கணக்கில் வேலை. 1785இல் ரெவியர் வெள்ளியை மெல்லிய தகடாக்கும் உருளை வாங்கினார். பிறகு வந்த வரிவரியான கெண்டிகள் நீள்தகட்டை வளைத்துப் பொடி (உருகி ஒட்டும் உலோகக் கலவை) வைத்துப் பற்றவைத்தவை. பொருத்து கைப்பிடிப் பக்கம் ஒளிந்திருக்கும், பக்கவாட்டில் நின்று பாருங்கள். அமெரிக்க விடுதலைப் போருக்குப் பின் இங்கிலாந்துச் சரக்கு விற்கும் கடையும் வைத்திருந்தார். என் கணக்கில் அவரை மாற்றியது கடையல்ல, இந்த உருளைதான்.

அதே ரகில்ஸிலிருந்து புறநகர் ரயிலில் கேன்டன் ஜங்ஷன். வார இறுதியில் வண்டி குறைவு, திரும்பும் நேரத்தை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். 1801இல் இங்கிருந்த பழைய வெடிமருந்து ஆலையை வாங்கி, நீர்ச்சக்கரத்தால் ஓடும் செம்புத் தகடு ஆலையாக்கினார். கைமுதல் 25,000 டாலர். அரசு கொடுத்த கடன் 10,000 டாலர், கூடவே 19,000 பவுண்டு செம்பு. மரக்கப்பலின் அடியைக் கடற்புழு அரிக்காமல் காக்கும் தகடு அதுவரை இங்கிலாந்திலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. 1802இல் பாஸ்டன் சட்டமன்றக் கட்டடத்தின் குவிமாடம், 1803இல் 'கான்ஸ்டிடியூஷன்' போர்க்கப்பல் இரண்டுக்கும் இவர் தகடுதான்.

அந்தக் கப்பல் இன்றும் சார்ல்ஸ்டவுனில் நிற்கிறது. ரெவியரின் செம்பை அதன் அடியில் தேட வேண்டாம். தகடுகளைப் பலமுறை மாற்றிவிட்டார்கள்.