கேட்ஸ்பியின் பச்சை விளக்கும் மெல்வில்லின் தங்கக் காசும்: குறியீட்டுக் கேள்விக்கு நான் தயாரான விதம்

எம்.ஏ. ஆங்கில இலக்கியத்தில் அமெரிக்க இலக்கியத் தாள் எழுதப் போகிறவர்களுக்கு ஃபிட்ஸ்ஜெரால்டின் 'தி கிரேட் கேட்ஸ்பி' பெரும்பாலும் பாடத்தில் இருக்கும், அதில் குறியீடு பற்றிய கேள்வியும் எப்படியும் வரும். கைடு வாங்கினால் அதில் ஒரு அட்டவணை போட்டிருப்பார்கள்: பச்சை விளக்கு நம்பிக்கை, மஞ்சள் பணம், விளம்பரப் பலகையின் கண்கள் கடவுள், சாம்பல் சீரழிவு. அதை மனப்பாடம் செய்து எழுதினால் பாஸ் மார்க் வரும், நாவல் வராது. நான் தயாரானபோது ஒவ்வொரு குறியீட்டுக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கினேன். அது எந்த அத்தியாயத்தில் வருகிறது, அப்போது அதைப் பார்ப்பவர் யார், அந்த நேரத்தில் அவருக்கு என்ன வேண்டும். இவ்வளவுதான் எழுதி வைத்தேன், அர்த்தம் என்று எதையும் எழுதவில்லை. ஆசைப்படுகிறவர் யார் என்று தெரியாமல் அவர் பார்க்கிற பொருளுக்கு அர்த்தம் சொல்ல முடியாது என்பதுதான் இந்த நாவல்களைப் படிக்கப் படிக்க எனக்கு உறுதியானது.

பச்சை விளக்கையே எடுத்துக்கொள்வோம். 1925இல் வந்த நாவல், 9 அத்தியாயங்கள், கதை 1922 கோடையில் நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் நடக்கிறது. முதல் அத்தியாயத்தின் கடைசியில் பக்கத்து வீட்டு கேட்ஸ்பி இருட்டில் தண்ணீரை நோக்கிக் கைகளை நீட்டி நிற்பதை, கதை சொல்லும் நிக் கேரவே பார்க்கிறான், அந்தத் திசையில் வெகு தூரத்தில் பொட்டாக ஒரு பச்சை வெளிச்சம், ஏதோ படகுத்துறையின் முனையாக இருக்கலாம் என்று மட்டும் அவனுக்குத் தோன்றுகிறது. அது கேட்ஸ்பி காதலிக்கும் டெய்சியின் வீட்டுத் துறை என்று அவனுக்கும் தெரியாது, முதல் தடவை படிக்கிற நமக்கும் தெரியாது. அவள் வளைகுடாவுக்கு எதிர்க்கரையில் இருக்க வேண்டும் என்பதற்காகவே கேட்ஸ்பி அந்த வீட்டை வாங்கினான் என்று நாலாவது அத்தியாயத்தில் டெய்சியின் தோழி ஜோர்டன் பேக்கர் சொன்ன பிறகுதான் அந்தக் கை நீட்டலுக்குப் பொருள் வருகிறது. அப்புறம் ஐந்தாவது அத்தியாயம், நாவலின் சரிநடு. டெய்சி அவன் வீட்டுக்கே வந்து பக்கத்தில் நிற்கிறாள், வெளியே மூடுபனி, பனி இல்லாவிட்டால் உன் வீடு இங்கிருந்து தெரியும், உங்கள் துறை முனையில் ராத்திரி முழுக்க ஒரு பச்சை விளக்கு எரியுமே என்று கேட்ஸ்பி சொல்கிறான். அவள் அவன் கையோடு கை கோர்த்துக்கொள்கிறாள். அந்த நொடியிலேயே விளக்கு வெறும் விளக்காகிவிட்டது, அவனிடம் இருந்த மாயப் பொருட்களில் ஒன்று குறைந்துவிட்டது என்கிறான் நிக்.

இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள். விரும்பியது கைக்கு எட்டுகிறது, எட்டிய மறுகணமே குறியீடு செத்துப்போகிறது. விளக்குக்கு அத்தனை வெளிச்சம் கொடுத்தது இடையில் கிடந்த தண்ணீர்தான். தேர்வில் 'பச்சை விளக்கு கேட்ஸ்பியின் நம்பிக்கை' என்று எழுதுகிறவர்கள் முதல் அத்தியாயத்தை மட்டும் எழுதுகிறார்கள். ஐந்தாவதையும் சேர்த்து எழுதினால் ஆசை எப்படி வேலை செய்கிறது என்ற கேள்விக்கும் அதே பத்தியில் பதில் சொல்லிவிடுகிறீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அந்த விளக்கு தனக்கு என்ன என்று கேட்ஸ்பி ஒரு வார்த்தை கூடச் சொல்வதில்லை, அது எரியும் என்ற தகவலோடு நிறுத்திக்கொள்கிறான். அதன் மதிப்பு மறைந்துபோனது அவனுக்கு ஒருவேளை தோன்றியிருக்கலாம் என்று ஊகமாகத்தான் நிக் சொல்கிறான். கடைசி அத்தியாயத்தில், கேட்ஸ்பி இறந்த பிறகு, கரையில் படுத்திருக்கும் நிக், முதன்முதலாக அந்தக் கரையைக் கண்ட டச்சு மாலுமிகளின் வியப்பையும் கேட்ஸ்பியின் வியப்பையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிறான். புதிய உலகத்தின் நிலத்துக்கும் அங்கே பச்சை என்றே சொல்கிறான், கேட்ஸ்பியின் வீட்டுக்காக வெட்டப்பட்ட மரங்களையும் நினைக்கிறான். ஒரு தனி மனிதனின் காதலை ஒரு நாட்டின் கதையாக்குகிறவன் நிக். அதனால் அமெரிக்கக் கனவு பற்றிக் கேட்டால் 'நாவல் சொல்கிறது' என்று எழுதாமல் 'நிக் அப்படிப் பார்க்கிறான்' என்று எழுதுங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே விடை வேறு தரத்துக்குப் போய்விடும்.

கேட்ஸ்பியின் ஆசை டெய்சியிலிருந்து தொடங்கியதும் அல்ல. அவனுடைய அப்பா கடைசி அத்தியாயத்தில் ஒரு பழைய கௌபாய் கதைப் புத்தகத்தை நிக்கிடம் காட்டுகிறார், அதன் பின்பக்கத்தில் 1906 செப்டம்பர் 12 என்று தேதி போட்டுச் சிறுவன் ஜேம்ஸ் கேட்ஸ் (கேட்ஸ்பியின் பழைய பெயர் அதுதான்) எழுதிய கால அட்டவணை இருக்கிறது: காலை 6 மணிக்கு எழுவது, உடற்பயிற்சி, மின்சாரம் பற்றிய படிப்பு, பேச்சுப் பயிற்சி, புகையை விடுவது, வாரம் 3 டாலர் சேமிப்பது (5 என்று எழுதி அடித்திருக்கிறான்), பெற்றோரிடம் இன்னும் நல்லபடி நடந்துகொள்வது. டெய்சியை அவன் சந்திப்பது 1917இல். அதாவது ஆசை முதலில் வந்துவிட்டது, அதற்கு ஒரு முகம் பல வருஷம் கழித்துத்தான் கிடைத்தது. பெஞ்சமின் பிராங்க்ளின் தன் சுயசரிதையில் கொடுத்த தினசரி அட்டவணையோடு இதை ஒப்பிட்டு இரண்டு வரி எழுதுங்கள், அமெரிக்கக் கனவுக் கேள்விக்கு அது ரொம்பப் பொருத்தம். பிளாசா ஹோட்டலில் கணவன் டாமைக் காதலிக்கவே இல்லை என்று சொல்லச் சொல்லி டெய்சியை அவன் வற்புறுத்துவதும், ஒரு காலத்தில் அவனையும் நேசித்தேன் என்று அவள் உடைந்து சொல்வதும் ஏன் அவனை அப்படி நொறுக்குகிறது என்பது அப்போதுதான் புரியும். அவள் கிடைத்தால் மட்டும் போதாது, நடுவில் போன ஐந்து வருஷமும் இல்லாமல் போக வேண்டும் என்கிறான். அதை எந்தப் பெண்ணால் கொடுக்க முடியும்?

கண்களுக்கு வருவோம். சாம்பல் பள்ளத்தாக்கின் மேல் இருக்கும் டாக்டர் டி. ஜே. எக்கில்பர்க்கின் கண்கள் யாரோ ஒரு கண் மருத்துவர் வியாபாரத்துக்கு வைத்துவிட்டுப் போன பலகை என்று இரண்டாவது அத்தியாயத்திலேயே சொல்லிவிடுகிறார் ஃபிட்ஸ்ஜெரால்ட். எட்டாவது அத்தியாயத்தில் கேட்ஸ்பியின் கார் மோதி மனைவியை இழந்த வில்சன் அந்தக் கண்களைப் பார்த்தபடி, கடவுளுக்கு எல்லாம் தெரியும் என்கிறான். பக்கத்தில் இருக்கும் மைக்கேலிஸ் அது விளம்பரம் என்று உடனே சொல்கிறான். இரண்டு பேர் சொல்வதையும் எழுத வேண்டும். நிறங்களும் அப்படித்தான். நாலாவது அத்தியாயத்தில் கேட்ஸ்பியின் கார் கிரீம் நிறம், விபத்துக்குப் பிறகு சாட்சி சொல்கிறவருக்கு மஞ்சள், அதே மைக்கேலிஸ் முதலில் வந்த போலீஸ்காரரிடம் இளம் பச்சை என்று சொல்லிவிடுகிறான். மஞ்சள் என்றால் பணம் என்று கட்டம் போட்டு வைத்திருப்பவர்கள் இந்த வரியை எங்கே கொண்டுபோய் வைப்பார்கள்?

நேரமிருந்தால் மெல்வில்லின் 'மோபி டிக்' நாவலின் 99ஆவது அத்தியாயத்தை மட்டுமாவது படித்துவிடுங்கள், குறியீட்டைப் பற்றி அமெரிக்க நாவலில் அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. வெள்ளைத் திமிங்கிலத்தை முதலில் காண்பவருக்கு என்று கேப்டன் ஏஹாப் பாய்மரத்தில் அறைந்து வைத்த ஈக்வடார் தங்கக் காசு. கப்பலில் இருப்பவர்கள் ஒவ்வொருவராக அதன் முன் வந்து நிற்கிறார்கள். கோபுரம், எரிமலை, சேவல் எல்லாவற்றிலும் ஏஹாப் தன்னையே பார்க்கிறான், பக்திமானான ஸ்டார்பக்குக்கு மூன்று மலைகளும் திரித்துவமாகத் தெரிகின்றன, ஃபிளாஸ்க் 16 டாலர் என்று மதிப்பிட்டு, சுருட்டு ஒன்று 2 சென்ட் என்றால் 960 சுருட்டு என்று கணக்குப் போடுகிறான் (உண்மையில் 800தான் வரும்). கடைசியில் சிறுவன் பிப் வந்து நான் பார்க்கிறேன், நீ பார்க்கிறாய், அவன் பார்க்கிறான் என்று இலக்கணப் பாடம்போல ஒப்பிக்கிறான். ஹாதார்னின் 'தி ஸ்கார்லெட் லெட்டர்' நாவலில் ராத்திரி வானத்தில் தெரியும் பெரிய ஏ எழுத்தை கள்ள உறவை மறைத்து வைத்திருக்கும் பாதிரியார் டிம்ஸ்டேல் தன் பாவமாகப் படிக்கிறார், மறுநாள் தேவாலயப் பணியாளர் அதை 'ஏஞ்சல்', அதாவது தேவதூதன் என்பதன் முதல் எழுத்து என்கிறார், ஏனென்றால் அன்றிரவு ஆளுநர் இறந்திருந்தார். ஒப்பிட்டு எழுதச் சொன்னால் இந்த இரண்டும் கேட்ஸ்பியோடு அழகாகச் சேரும்.

விடை எழுதும்போது ஆசிரியர் வாழ்க்கைக் குறிப்பில் தொடங்காதீர்கள், மதுவிலக்கு, ஜாஸ் காலம் என்று ஒரு பக்கம் ஓட்டவும் வேண்டாம். முதல் வரியிலேயே ஒரு காட்சி, அத்தியாய எண்ணோடு. நீண்ட மேற்கோள் தேவையில்லை, நாலைந்து சொல் கொண்ட தொடர் சரியாக நினைவில் இருந்தால் போதும். மூன்று குறியீட்டை விரிவாக எழுதுவது எட்டைத் தொட்டுவிட்டுப் போவதைவிட நல்லது.

நெட் தேர்வு (கல்லூரி ஆசிரியர் பணிக்கான யூ.ஜி.சி. தகுதித் தேர்வு) எழுதுகிறவர்களுக்கு இந்தப் பக்க நோட்டு இன்னொரு விதத்தில் உதவும். அங்கே 2 மதிப்பெண் கேள்விகள், தவறுக்குக் கழிவு இல்லை, பொருத்துக, கால வரிசை என்றெல்லாம் வரும், அதனால் பக்கத்தின் மேலேயே ஆண்டை எழுதிவிடுங்கள்: ஹாதார்னின் நாவல் 1850, மெல்வில்லுடையது 1851, கேட்ஸ்பி 1925. மூன்றுமே அமெரிக்காவில் காப்புரிமை முடிந்தவை, கேட்ஸ்பிக்கு 2021 ஜனவரி 1 முதல். இணையத்தில் முழு நூலும் இலவசம். கைடுக்குக் கொடுக்கும் நேரத்தில் கேட்ஸ்பியின் 1, 5, 9 அத்தியாயங்களை ஒரே மூச்சில், வரிசையாகப் படியுங்கள், மற்ற ஆறையும் அப்புறம் நீங்களே தேடிப் போவீர்கள்.