ஷார்ஜாவில் இருந்துகொண்டு தருமபுரியில் தேர்தல் வேலை பார்த்த கதை

வெளிநாட்டில் இருக்கும் ஒருவன் கட்சிக்காரர்களிடம் "நானும் தேர்தல் வேலை பார்க்கிறேன்" என்று சொன்னால், முதலில் வரும் கேள்வி "எவ்வளவு அனுப்புவீங்க?" என்பதுதான். 2024 நாடாளுமன்றத் தேர்தலுக்கு நான் பேசியபோதும் அதே கேள்விதான் வந்தது. ஒன்றியப் பொறுப்பில் இருந்தவர், "தம்பி, அங்க நம்ம ஊர்ப் பசங்க நிறைய இருக்காங்கல்ல, ஆளுக்குக் கொஞ்சம் வாங்கி அனுப்பிடுங்க, அதுவே பெரிய உதவி" என்றார். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். எதுவாக இருந்தாலும் அவர் அதையேதான் சொல்லியிருப்பார்.

இந்த இடத்திலேயே ஒரு எச்சரிக்கை. அமீரகத்தில் தனியாட்கள் நன்கொடை வசூலிப்பது குற்றம். 2021இல் இதற்கென்றே சட்டம் வந்திருக்கிறது. தொழிலாளர் கேம்ப் ரூமில் ஆளுக்கு ஐம்பது திர்ஹாம் என்று நோட்டுப் போட்டு வாங்குவதும் அதில் அடங்கும். ஊர்க்காரர் ஆசையாகக் கேட்கிறார் என்று மாட்டிக்கொண்டால் அவர் வந்து மீட்கப்போவதில்லை. கட்சித் துண்டைப் போட்டுக்கொண்டு அங்கே கூட்டம் கூட்டுவதும் வேண்டாம். நான் "பணம் இல்லைங்க, வேலை இருந்தா சொல்லுங்க" என்றேன். அதன்பின் அவர் எனக்குப் போன் செய்யவே இல்லை. கடைசியில் எங்கள் பூத் கமிட்டியில் இருந்த என் சித்தப்பா பையன்தான் வேலை கொடுத்தான்.

ஆனால் அதற்கு முன்பே எனக்கு வேறொரு சிக்கல் தொடங்கியிருந்தது. வாக்காளர் பட்டியலில் என் பெயர் இல்லை. ஊரில் குடியிருக்கவில்லை என்று திருத்தத்தின்போது எடுத்துவிட்டார்கள். வெளிநாட்டில் இருக்கும் பலர் பழைய பட்டியலிலேயே பெயரை வைத்துக்கொண்டு ஓட்டும் போட்டுவிட்டு வருகிறார்கள், என் பெயர் மட்டும் கண்ணில் பட்டிருக்கிறது. சரி, முறைப்படியே போவோம் என்று படிவம் 6ஏ போட்டேன். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்காத, வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான படிவம் இது. 2010இல் சட்டத்தைத் திருத்தி, 2011 முதல் இந்த உரிமையைக் கொடுத்திருக்கிறார்கள். பாஸ்போர்ட்டில் எந்த ஊர் முகவரி இருக்கிறதோ அந்தத் தொகுதியில்தான் ஓட்டு. ஆன்லைனில் விண்ணப்பிப்பது ஒரு டீ குடிக்கும் நேரத்து வேலை.

அப்புறம்தான் வந்தது வினை. பாஸ்போர்ட்டில் போட்டோ பக்கம், முகவரிப் பக்கம், செல்லுபடியாகும் விசா இருக்கும் பக்கம் என்று நகல் கேட்கிறார்கள். அமீரகத்தில் 2022இலிருந்து குடியிருப்பு விசாவைப் பாஸ்போர்ட்டில் ஒட்டுவதில்லை, எமிரேட்ஸ் ஐடி என்ற அந்நாட்டு அடையாள அட்டையே எல்லாம். நான் அட்டையின் இரண்டு பக்கங்களையும் ஏற்றியிருந்தேன். எங்கள் தாலுகா அலுவலகத்திலிருந்து அப்பாவைக் கூப்பிட்டார்கள். புளி உலுக்கும் நேரம், ஆள் கிடைக்காத நாள். அவர் வேலையை விட்டுவிட்டு பஸ் பிடித்துப் போனார்.

அங்கிருந்த எழுத்தர் கேட்ட கேள்வி: "விசா சீலே இல்லாத பாஸ்போர்ட்டை வச்சிக்கிட்டு வெளிநாட்டுல இருக்கார்னா நான் எப்படிங்க நம்புறது?" அப்பா அட்டையைக் காட்டியிருக்கிறார். அதில் அரபி எழுத்தைப் பார்த்துவிட்டு, "இது என்னன்னே தெரியலையே, பையனை நேர்ல வரச் சொல்லுங்க" என்று அனுப்பிவிட்டார். கூடவே ஒரு இலவச ஆலோசனை வேறு: "எதுக்குங்க இந்த வம்பு, சாதாரண ஃபார்ம் 6 போடச் சொல்லுங்க, ஈஸியா முடிஞ்சிடும்." தயவுசெய்து இதைக் கேட்டுவிடாதீர்கள். ஃபார்ம் 6 போட்டால் உள்ளூரிலேயே குடியிருப்பதாக உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டும். அது பொய் என்று தெரிந்தால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி ஓராண்டு வரை சிறை. யோசனை சொன்னவர் மீது வழக்கு வராது, கையெழுத்துப் போட்டவன் மீதுதான் வரும்.

அமீரக அரசின் குடியேற்ற ஆப்பில் விசா விவரம் பி.டி.எஃப். ஆகக் கிடைக்கும். ஆங்கிலமும் அரபியும் இருக்கும், எந்தத் தேதி வரை செல்லும் என்று தெளிவாகத் தெரியும். அதையும் 6ஏ படிவத்தின் வழிமுறைப் பக்கத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி ஜெராக்ஸ் கடையில் எடுக்கச் சொன்னேன். வழிமுறையில், வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டுக்குப் போய் உறவினரிடம் விசாரித்துச் சரிபார்க்க வேண்டும் என்று இருக்கும் வரிக்குக் கீழே சிவப்புப் பேனாவால் கோடு போட்டுக் கொண்டுபோனார் அப்பா. எழுத்தர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சார் மீட்டிங்ல இருக்கார்." அப்பாவுக்கும் பிடிவாதம் வந்துவிட்டது. வராண்டா பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். மத்தியானம் சாப்பாட்டுக்கு வெளியே வந்த தேர்தல் துணை வட்டாட்சியரிடம் நேராகவே காகிதத்தை நீட்டியிருக்கிறார். அந்த அம்மா நின்றபடியே படித்துவிட்டு, "இது போதுமேங்க, யாரு வேணாம்னு சொன்னது?" என்று கேட்டாராம். அப்பா யார் பெயரையும் சொல்லவில்லை. இதைப் போனில் சொல்லும்போது அவர் குரலில் இருந்த மிதப்பு இருக்கிறதே!

அடுத்து பி.எல்.ஓ., அதாவது அந்த வாக்குச்சாவடி நிலை அலுவலர். எங்கள் ஊருக்கு அங்கன்வாடி டீச்சர்தான் பி.எல்.ஓ. என்னைச் சின்ன வயதிலிருந்து தெரியும். அதுவே வம்பாகப் போயிருக்கும். "அவன் இங்க இல்லையே, எப்படி எழுதுறது?" என்று தயங்கியிருக்கிறார். வீட்டில் இருப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: இவன் இங்கே குடியிருக்கிறானா என்பது கேள்வியே இல்லை, பாஸ்போர்ட்டில் இருக்கும் முகவரி இதுதானா, காகிதங்கள் இவனுடையவைதானா என்பதுதான் கேள்வி. உறுதி சொல்ல வீட்டில் யாரும் இல்லையென்றால் காகிதங்கள் இந்தியத் தூதரகத்துக்குப் போகும். அப்புறம் தேர்தல் முடிந்துதான் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அம்மா இருந்ததால் பிழைத்தோம். தேர்தல் தேதி அறிவிப்பதற்குக் கொஞ்சம் முன்பு பெயர் ஏறிவிட்டது.

இனி வேலைக்கு வருகிறேன். எங்கள் பூத்தில் உள்ளவர்களில் நிறையப் பேர் பெங்களூரில் இருக்கிறார்கள். கட்டட வேலை, பேக்கரி, ஓசூர்ப் பக்கம் கம்பெனி வேலை என்று குடும்பத்தோடு போய்விட்டவர்கள். வாக்குப்பதிவு நாளான ஏப்ரல் 19 அன்று இவர்களை ஊருக்கு வரவைப்பதுதான் எனக்குக் கொடுத்த வேலை. பட்டியலை மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் அது படமாக இருக்கும் பி.டி.எஃப்., பெயரைத் தட்டித் தேட முடியாது. உட்கார்ந்து நோட்டில் எழுதத்தான் வேண்டும். அந்தச் சமயம் ரமலான். அமீரகத்தில் ரமலான் மாதம் வேலை நேரம் இரண்டு மணி நேரம் குறையும். அந்த நேரம் முழுக்க இதற்கே போனது.

அப்போது அமீரகத்திலிருந்து வாட்ஸ்அப் கால் போகவில்லை. சாதாரணமாகக் கூப்பிட்டால் 971 என்று தொடங்கும் எண்ணைப் பார்த்ததும் யாரும் எடுப்பதில்லை, லாட்டரி விழுந்திருக்கிறது என்று ஏமாற்றும் கும்பல் என்று நினைக்கிறார்கள். எடுத்த ஒரு பையன் கன்னடத்திலேயே திட்டிவிட்டு வைத்தான். அதற்கப்புறம் கண்டுபிடித்த வழி வாய்ஸ் மெசேஜ். முதல் வரியிலேயே கட்சிப் பெயரைச் சொல்லாமல் "நான் இன்னார் மகன், மாரியம்மன் கோயில் தெரு" என்று தொடங்கினால் திரும்பிக் கூப்பிடுகிறார்கள். சிலர் பேசிய பிறகு கட்சியைப் பற்றிக் கேட்கவே இல்லை, எங்கள் வீட்டுப் புளி என்ன விலைக்குப் போனது என்று கேட்டார்கள்.

ஒயிட்ஃபீல்டு பக்கம் சித்தாள் வேலைக்குப் போகும் ஒரு அக்கா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "ஓட்டுப் போட வந்தா போக வர ரெண்டு நாள் கூலி போவுது தம்பி. அதை நீ குடுப்பியா, உங்க ஆளு குடுப்பாரா?" பதில் இருந்தது, ஆனால் அது அவருக்குப் பயன்படுமா என்று தெரியாமலேதான் சொன்னேன். ஓட்டு இருப்பவர்களுக்கு வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும், தினக்கூலிக்கும் அது பொருந்தும் என்று சட்டம் இருக்கிறது. "மேஸ்திரிகிட்ட சட்டம் பேசினா மறுநாள் வேலைக்கு வேற ஆளு வந்துடும்" என்று சிரித்தார். அவரை நான் வற்புறுத்தவில்லை.

இந்தக் கூலி விஷயத்தைச் சொன்னதும் கட்சியில் ஒருவர், "அப்ப பெங்களூருக்கு வேன் விட்ருவோம்" என்று கிளம்பினார். வாக்காளர்களை இலவசமாக ஏற்றிவர வேட்பாளர் தரப்பு வண்டி பிடிப்பது தேர்தல் சட்டத்தில் முறைகேடு. நிரூபணமானால் ஜெயித்த தேர்தலே செல்லாமல் போகலாம். இதை எடுத்துச் சொன்னதற்கு எனக்குக் கிடைத்த பட்டம் "துபாய் வக்கீல்". நான் இருப்பது ஷார்ஜா. எப்படியோ வேன் போகவில்லை.

ஈத் விடுமுறையில் டிக்கெட் விலை எட்டாத உயரத்தில் இருந்ததால் ஏப்ரல் 16 இரவுக்கு எடுத்திருந்தேன். 17ஆம் தேதி மாலை 6 மணிக்குப் பிரசாரம் ஓய்கிறது, அதற்கு முன் ஒரு பகலாவது தெருத்தெருவாகப் போகலாம் என்று ஆசை. 16ஆம் தேதி அமீரகத்தில் 75 ஆண்டுகளில் இல்லாத மழை. அல் ஐன் பக்கம் ஒரே நாளில் 254 மில்லிமீட்டர் கொட்டியது. விமானம் ரத்து, எங்கள் தெருவில் கார்கள் மிதந்தன. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீரில் நடந்து, அபுதாபி போய், 18ஆம் தேதி பெங்களூருக்கு ஒரு சீட் பிடித்தேன். ஒரு தெருவில்கூட ஓட்டுக் கேட்காத பிரசாரத் தொண்டன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். உங்களால் முடிந்தால் ஒரு வாரம் முன்னதாகவே வந்துவிடுங்கள்.

ஓசூருக்கு முன்னால் மாநில எல்லையில் இருக்கும் ஜூஜூவாடியில் பஸ்ஸை நிறுத்திச் சோதனை. என் பெட்டியில் சென்ட் பாட்டில்கள், பால் பவுடர், தைல டப்பாக்கள். "இவ்வளவு சென்ட் யாருக்கு?" என்று பறக்கும் படை அதிகாரி கேட்டார். சொந்தக்காரர்களுக்கு என்று சொன்னால், எல்லா வாக்காளரும் யாருக்கோ சொந்தக்காரர்தானே! கடை பில் கையில் இருந்ததால் விட்டார்கள். தேர்தல் நேரத்தில் ஊருக்கு வருபவர்கள் பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். ஐம்பதாயிரத்துக்கு மேல் ரொக்கம் வைத்திருந்தால் அதற்கும் கணக்கு வேண்டும். வெளியூர்க் கட்சிக்காரர்கள் கடைசி 48 மணி நேரம் தொகுதியில் இருக்கக் கூடாது என்பதால், நான் இந்தத் தொகுதி வாக்காளர்தான் என்பதற்குப் பட்டியலின் பிரிண்ட் ஒன்றையும் வைத்திருந்தேன். அதை யாரும் கேட்கவில்லை.

விடியற்காலையில் ஊர் சேர்ந்து, குளித்துவிட்டு நேராகப் பூத். சாவடியிலிருந்து 200 மீட்டர் தள்ளி ஒரு மேசை, இரண்டு நாற்காலி, அவ்வளவுதான் அப்போது அனுமதி. கட்சி அலுவலகத்திலிருந்து சின்னம் அச்சடித்த சீட்டுக் கட்டு ஒன்று வந்திருந்தது. வெள்ளைத்தாளில் பெயரும் எண்ணும் மட்டும்தான் இருக்க வேண்டும். கட்டை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டு, நோட்டுத் தாளைக் கிழித்துக் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். பத்து மணி வாக்கில் தேர்தல் அதிகாரிகளின் ஜீப் வந்து நின்றது. மேசையைப் பார்த்தார்கள், சீட்டைப் புரட்டினார்கள், ஒன்றும் பேசாமல் போனார்கள். கட்டைத் திருப்பி அனுப்பியதற்குக் காலையில் முறைத்த கட்சிக்காரர் எனக்கு இளநீர் வாங்கி வந்தார்.

என் ஓட்டு அவ்வளவு எளிதாக முடியவில்லை. "வாக்காளர் அட்டை?" இந்த வகை வாக்காளருக்கு அட்டையே கிடையாது, அசல் பாஸ்போர்ட்தான் என்றேன். "பட்டியல்ல பேரே இல்லீங்களே." உள்ளே ஏஜென்டாக உட்கார்ந்திருந்த சித்தப்பா பையன், "சார், கடைசிப் பக்கம் திருப்புங்க" என்றான். வெளிநாடு வாழ் வாக்காளர் என்ற தனித் தலைப்பில் நான் மட்டும் இருந்தேன். அலுவலர் பாஸ்போர்ட்டை முன்னும் பின்னும் புரட்டி, பக்கத்தில் இருந்தவரிடம் காட்டி, எழுதிக்கொண்டு, விரலில் மை வைத்தார்.

அன்று மாநிலத்திலேயே அதிகமாக வாக்கு பதிவானது தருமபுரியில்தான், 81 சதவீதத்துக்கு மேல். மாநில அளவு 70ஐக்கூடத் தொடவில்லை. பெங்களூரிலிருந்து வந்தவர்களில் சிலர் மேசைக்கு வந்து, "வாய்ஸ் மெசேஜ் போட்டது நீதானா?" என்று கேட்டார்கள். ஒயிட்ஃபீல்டு அக்கா வரவில்லை. எங்கள் ஆள் ஜெயித்தாரா தோற்றாரா என்று சொன்னால் கட்சி தெரிந்துவிடும், அதனால் அதை விட்டுவிடுகிறேன். நோட்டைச் சித்தப்பா பையனிடம் கொடுத்துவிட்டு வந்தேன். இறந்தும் பட்டியலில் இருப்பவர்களின் பெயர்களை அதில் தனியாகக் குறித்திருக்கிறேன். அவற்றை நீக்கப் படிவம் 7 கொடுக்க அவன்தான் தாலுகா அலுவலகம் போக வேண்டும். அப்பா தன்னால் முடியாது என்று சொல்லிவிட்டார்.