கழிச்சல் கண்ட கன்றுக்கு முதலில் வேண்டியது

கழிச்சல் கண்ட இளங்கன்றைப் பார்க்கப் போகும்போது, சாணத்தின் நிறத்தை ஆராய்வதற்கு முன் அதன் வாய்க்குள் ஒரு விரலை வைத்துப் பார்ப்பது கால்நடை மருத்துவப் பணியில் எனக்குப் படிந்துவிட்ட வழக்கம். நாக்கைச் சுழற்றி விரலை அழுத்திச் சப்பினால், வாய்வழியாகவே நீரேற்றலாம் என்ற நம்பிக்கை பிறக்கும். வாய் சில்லிட்டு, விரலைப் பொருட்படுத்தாமல் கன்று கிடந்தால், உடல் எவ்வளவு நீரை இழந்திருக்கிறது என்று அறிய, கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டு அந்த மடிப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது என்றும், கண் எவ்வளவு குழிக்குள் இறங்கியிருக்கிறது என்றும் கவனிப்பேன்.

பிறந்த முதல் சில நாட்களில் ஈகோலை பாக்டீரியா, அதன்பின் ரோட்டா வைரஸ், மாடுகளைத் தாக்கும் கொரோனா வைரஸ், கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி என்று காரணங்கள் மாறலாம். ஆனால் தொடங்கிவைப்பது எதுவானாலும், நீரும் சோடியமும், அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட்டும் வெளியேறி ரத்தத்தில் அமிலத்தன்மை ஏறுவதால்தான் பெரும்பாலான கன்றுகள் சாகின்றன. 40 கிலோ எடையுள்ள கன்று தன் எடையில் 10 சதவீதத்தை இழந்தால் அது 4 லிட்டர் நீர். அந்த நிலைக்கு வந்துவிட்ட கன்றுக்கு ரத்தநாளம் வழியாகவே திரவம் ஏற்ற வேண்டும்.

"ஒரு ஊசி போட்டுவிடுங்கள் டாக்டர்" என்று கேட்பவர்களின் தவிப்பு எனக்குப் புரிகிறது. காய்ச்சலோ, சாணத்தில் ரத்தமோ, கடும் சோர்வோ இருந்தால் நுண்ணுயிர்க்கொல்லி (ஆன்டிபயாடிக்) தேவைப்படலாம். வைரஸை அது தொடாது, இழந்த நீரையும் மீட்டுத் தராது.

நான் அதிகம் வாதாட வேண்டியிருப்பது பாலைப் பற்றித்தான். கழிச்சல் நிற்கும்வரை பாலை அடியோடு நிறுத்திவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. உப்பும் குளுக்கோஸும் சேர்ந்த கரைசல் நீரிழப்பை ஈடுசெய்யுமே தவிர, ஒரு கன்றின் பசிக்கு அதிலுள்ள ஆற்றல் போதாது. சிதைந்த குடற்சுவர் மீண்டும் வளர்வதற்கும் பால்தான் வேண்டும். எனவே பாலைச் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுத்து, கரைசலை அதனுடன் கலக்காமல், இடையில் ஓரிரு மணி நேரம் விட்டுத் தனியாகக் கொடுக்கச் சொல்வேன். கன்று தானே சப்பிக் குடிக்கும்போது உணவுக்குழாயின் தொடர்ச்சியாக உள்ள பள்ளம் மூடிக்கொண்டு, பாலை நேராக நான்காம் இரைப்பைக்கு அனுப்புகிறது. தலையைத் தூக்கிப் பிடித்துப் புகட்டினால் பால் முதல் இரைப்பையில் விழுந்து புளிக்கலாம். மூச்சுக்குழாய்க்குள் போனால் நுரையீரலே கெட்டுவிடும். அவசரமாக ஊற்றப்படும் அந்த ஒரு பாட்டில்தான் எனக்குக் கழிச்சலைவிடக் கவலை தருகிறது.

நோயுற்ற கன்றைப் பிரித்துக் கட்டி, மற்றவற்றுக்குத் தீனி வைத்து முடித்த பிறகே அதனிடம் போவது நல்லது. கிரிப்டோஸ்போரிடியமும் சால்மோனெல்லா பாக்டீரியாவும் மனிதருக்கும் தொற்றக்கூடியவை என்பதால், கன்றைத் தடவிக்கொடுக்க ஓடிவரும் பிள்ளைகளைச் சில நாட்களுக்குத் தள்ளி நிற்கச் சொல்லி, கவனித்துக்கொள்பவரிடம் சோப்பு போட்டுக் கை கழுவுவதை வலியுறுத்திவிட்டே கிளம்புகிறேன்.